வாற்கோதுமைக் கனம்

வரைபடத்தில் அது
பழுப்பு மையில் பல் முளைத்த ஒரு வட்டம்.
நேரில், மழை விட்ட மார்ச் காலையில்,
படுத்திருக்கும் ஏதோ விலங்கின் விலா.

வேல்ஸ் எல்லையில் ஒரு குன்று.
அதன் உச்சியைச் சுற்றி இரண்டு மண்மதில்,
நடுவே அகழி.
தண்ணீர் நின்ற அகழி அல்ல.
காற்று இல்லாமைதான் அதில் நிற்கிறது.
ஆடுகளுக்குத் தெரியும்.
பனி கொட்டும் இரவில் அவை கோட்டைக்குள் போவதில்லை,
அகழிக்குள் போகின்றன.

இட்வல் பெட்டோஸ் படலைத் திறந்துவிட்டார்.
நிலம் அவருடையது. மேடு அரசாங்கத்துடையது.
ஒரு முளைக்குச்சிகூட அடிக்கக் கூடாது என்று
தகரப் பலகை சொல்கிறது.
வேலிக்கம்பம் ஒன்று சாய்ந்து ஏழு மாதம்;
விண்ணப்பம் நகரத்தில்
யாருடைய மேசையிலோ தூங்குகிறது.
சாய்ந்த இடைவெளிக்கு அப்பால் பழைய கல்குவாரி.
"மூணு குட்டி," என்றார். விரலைக் காட்டவில்லை.
பிறகு மேற்குச் சரிவைக் காட்டினார்:
வளைக்கரடிகள் இரவோடு இரவாக
வாரிக் கொட்டிய செம்மண், நாற்பது வண்டி தேறும்.
"இதுங்களுக்கு மட்டும் யாரு கையெழுத்துப் போட்டாங்க?"

நான் அளக்க வந்தவள்.
மூன்று ஆண்டுக்கொருமுறை
மதிலின் உயரத்தை எழுதிக்கொண்டு போகிறவள்.
என் முக்காலிக்குக்கூட ரப்பர் செருப்பு உண்டு,
புல்லுக்கு வலிக்காமல் நிற்க.

போன முறைக்கு இந்த முறை
மதில் இறங்கியது ஒரு வாற்கோதுமை மணியின் கனம்.
அகழி ஏறியதும் ஏறக்குறைய அவ்வளவே.
மான்கொம்பால் பறித்து
கூடை கூடையாய் மேலே ஏற்றிய மண்ணை
மதில் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது,
வட்டி இல்லை, அவசரமும் இல்லை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
கடன் தீர இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டு.

வளைக்கரடி மண்ணில் கிடந்தன
கருகிய தானியம் ஒரு பிடி,
கோழிமுட்டை அளவில் ஆற்றுக்கூழாங்கற்கள்.
ஆறோ கீழே, இரண்டு மைல்.
ஒவ்வொரு கல்லையும் யாரோ
கையில் உருட்டிப் பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள்,
கவணில் வைக்க.
வைத்ததாகத் தெரியவில்லை.
உழிஞை சூடி ஒருவரும் வராத மதில் இது.
நொச்சி சூடிக் காத்திருந்தவர்கள்
காத்திருந்து, வாற்கோதுமை விதைத்து,
சளி பிடித்து, சண்டை போட்டு,
பிள்ளை பெற்று,
ஒருநாள் பானைகளைத் தூக்கிக்கொண்டு
இறங்கிப் போயிருக்க வேண்டும்.
பகைவன் வராத கோட்டைக்குப்
பாட்டு இல்லை.
புல் இருக்கிறது.

கருகிய மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்தேன்.
எந்த அடுப்பிலோ
யாரோ கவனிக்காமல் விட்ட ஒரு நிமிடம்.
இட்வல் எட்டிப் பார்த்தார்.
"இது முளைக்குமா?"
"கரி."
"ஓ," என்றார், ஏமாந்தவர்போல.

அன்றிரவு கீழே விடுதியில் தங்கினேன்.
நிலா இருந்தது. குன்றின் மேல்
இரும்பில் இரும்பு மோதும் ஓசை
பதினொரு முறை கேட்டது.
எண்ணினேன். திரை விலக்கிப் பார்க்கவில்லை.

காலையில் கடைசி அளவுக்காக ஏறினேன்.
கோர்ஸ் புதர் மஞ்சளாய் எரிந்தது.
கம்பம் நேராக நின்றது.
கம்பி வீணைத்தந்திபோல் இழுபட்டிருந்தது.
அடியில் புதுமண், ஈரம்,
அதன் மேல் அவசரமாகப் பதித்த
இரண்டு புல்கட்டி, ஒன்று தலைகீழாக.
கம்பிக்கு இப்பால் ஓர் ஆடு
குட்டியை அகழிக்குள் நெட்டிக்கொண்டு போனது.

குனிந்து
தலைகீழாய் இருந்த புல்கட்டியைத்
திருப்பி வைத்தேன்.

படிவத்தில் பதினான்காம் பத்தி:
'மண்மேட்டில் புதிய சேதம் உண்டா?'
உண்டு, என்று எழுதினேன்.
'காரணம்?'
பேனாவை உதறினேன், குளிரில் மை இறங்கவில்லை.

வளைக்கரடி.